வாலனோடு ஒரு சறுக்கல்

குடல் சுவரில் இரண்டு செல்கள் அக்கம்பக்கமாகக் கைகோத்து நின்றன; ஒருத்தி பெயர் ஒட்டி, இன்னொருத்தி பெயர் இறுக்கி. அப்படி நின்றதால்தான் ஒரு கிருமியாலும் உடம்புக்குள் நுழைய முடியவில்லை.

ஒருநாள் ஊசிப்போன சட்னியோடு வாலன் என்ற பாக்டீரியா வந்து சேர்ந்தான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உள்ள போகணும்."

"தள்ளி நிக்கவா நாங்க இருக்கோம்?" என்று இருவரும் சிரித்தார்கள்.

வாலனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒட்டியின் விலாவைத் துளைத்து அவளுக்குள்ளேயே புகுந்துகொண்டான். "ஆகா, என்ன சொகுசு! இங்கயே பெருகி, அடுத்த வீட்டுக்கும் போவேன்!" என்று ஆடினான்.

ஒட்டி பதறினாள். "இறுக்கி, என்னைத் தள்ளி விட்டுடு!"

"உன்னையா? மாட்டேன்டி!"

"இவன் ரெண்டாகிறதுக்குள்ள தள்ளுடி!"

இறுக்கி கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள். ஒட்டி சுவரிலிருந்து பிய்ந்து குடலுக்குள் தொப்பென்று விழுந்தாள்.

"ஐயோ, எங்க போறோம்?" என்று வாலன் அலறினான்.

"வெளியதான் தம்பி! கெட்டியாப் பிடிச்சுக்கோ!" என்று கூவிக்கொண்டே ஒட்டி வளைவுக்கு வளைவு சறுக்கினாள். அவள் சிரிப்பு குடல் முழுக்க எதிரொலித்தது.

இறுக்கி இடைவெளியைத் தாண்டிக் கையை நீட்டி, அந்தப் பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"அழறியா, சிரிக்கிறியா?" என்று அது கேட்டது.

"ரெண்டும்தான். நீ விட்டுடாத," என்றாள் இறுக்கி.