கழித்த பின் மின்செலவு

ஒரு பொருள் உருவாவதிலிருந்து குப்பைக்குப் போகும்வரை எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று பதிந்துவைக்கும் தரவுத்தளம் அது. அதில் தெரியவரும் பிழைகளைத் திருத்துவது அவள் வேலை. நாற்பத்தோராவது பிழை அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ‘ஃபிரிட்ஜ், கழித்த பின் ஆண்டு மின்செலவு: 210 யூனிட்.’ அவள் பூஜ்யம் என்று திருத்துவாள். அடுத்த காலாண்டில் பழைய இரும்புக் கிடங்கு அனுப்பும் கணக்கில் மறுபடியும் 210 வந்து நிற்கும்.

மூன்றாம் முறை போன் செய்து கத்தினாள்.

“தூக்கிப் போட்ட ஃபிரிட்ஜ் எப்படிங்க கரண்ட் இழுக்கும்?”

“மீட்டர் காட்டுறதத்தான் எழுதுறேன். நம்பலன்னா நேர்ல வந்து பாருங்கம்மா!” என்றார் கிடங்குக்காரர், அவளைவிட எரிச்சலாக.

மறுநாள் காலை வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனாள். வெயிலில் முந்நூறு ஃபிரிட்ஜ்கள் நின்றிருந்தன. ஒன்றிலும் ஒயர் இல்லை. செம்புக்காக அறுத்து எடுத்திருந்தார்கள். கிடங்குக்காரர் மெயின் சுவிட்சை அணைத்துக் காட்டினார். மீட்டர் ஓடிக்கொண்டேயிருந்தது.

“என்னங்க இது?”

“தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் திட்டு வாங்குறேன்?”

பக்கத்தில் நின்ற துருப்பிடித்த ஒன்றை அவள் வெடுக்கென்று திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. முகத்தில் குளிர் அடித்தது. கதவைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

“பாத்தாச்சுல்ல?” கிடங்குக்காரர் அலுத்துக்கொண்டார். “சீக்கிரம் மூடுங்கம்மா, கூலிங் போயிடும்.”