சாப்பிட்ட பின் எடுத்த ரத்தம்

ஆய்வகத்து அக்கா, சுழன்று நின்ற இயந்திரத்திலிருந்து அப்பாவின் ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார். ஊசி குத்திய இடத்துப் பஞ்சை அப்பா இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கிறார். வெறும் வயிற்றில் ரத்தம் பார்த்தபோது சித்தப்பாவுக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்வரை. அதனால்தான் அப்பாவை வெண்ணெய் தடவிய ரொட்டி சாப்பிட்டு, சில மணி நேரம் கழித்து வரச் சொன்னார் டாக்டர். காலையில் அப்பாவோ வெண்ணெயை வழித்துப்போட்டுவிட்டு வெறும் ரொட்டியைத் தின்னப் பார்த்தார். எதிரே உட்கார்ந்து மிரட்டி வெண்ணெயோடு தின்னவைத்தேன். "பால் மாதிரி கலங்கியிருந்தா கொழுப்பு கரையலன்னு அர்த்தம். இங்க பாருங்க, மேல தெளிஞ்ச மஞ்சள். கொழுப்பு எவ்வளவுன்னு நம்பர் சாயங்காலம் வரும், நிம்மதியா போங்க," என்கிறார் அக்கா. அப்பா என் பக்கம் திரும்புகிறார். "பாஸா?" வீட்டில் பட்டம் வாங்கியவள் நான்தானே, பாஸா ஃபெயிலா என்று என்னைத்தான் கேட்பார். "காப்பியடிக்கப் பாத்த ஆளு பேசாதீங்க," என்கிறேன். கோபமாகத்தான் ஆரம்பிக்கிறேன், பாதியில் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன். "பஞ்சை எடுங்கப்பா. ரத்தம் எப்பவோ நின்னுபோச்சு."