பின் சீட்டுச் சத்தம்

வண்டியில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மெக்கானிக்கிடம் அம்மாதான் சரியாகச் சொன்னாள்.

"என் தலைக்கு நேர் கீழே, தம்பி. பள்ளத்துல இறங்குறப்போ டக் டக்குங்குது. ஏறுறப்போ ஒண்ணும் இல்ல."

அம்மாவால் இப்போதெல்லாம் உட்கார முடிவதில்லை. பின் சீட்டில் படுத்துக்கொண்டுதான் வருவாள். காது சீட்டோடு ஒட்டியிருக்கும்.

மெக்கானிக் பின் சக்கரத்துக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். முட்டி போட்டபடியே சிரித்தார்.

"அக்கா சொன்ன அதே இடம். ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கிடுச்சு. பேசாம நீங்க என் கடையில வேலைக்குச் சேந்துடுங்க. நான் வந்து படுத்துக்கறேன்."

"சம்பளம் ஒழுங்கா வருமா?" என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் எவ்வளவு இருக்கிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

வண்டிக்கு என்னைவிட வயது அதிகம். எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்ய நினைத்தால் வேறு வண்டியே வாங்கிவிடலாம் என்பார் அப்பா. அதனால் ஒவ்வொரு முறையும் எது இப்போது, எது அப்புறம் என்று பேசித்தான் முடிவெடுப்போம். ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. மழை பெய்தால் அப்பாவின் தோள் நனையும். அது அப்புறம். ரேடியோ பாடாது. அதுவும் அப்புறம்.

"பின்னாடி ரெண்டு ஷாக்கையும் மாத்திடுங்க," என்றார் அப்பா. "வேற எதையும் தொட வேணாம். காசு அதுக்குத்தான் சரியா இருக்கும்."

ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் அம்மா உதட்டைக் கடித்துக்கொள்வாள். அப்பா அதைத் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் பார்த்துவிட்டு இன்னும் மெதுவாக ஓட்டுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், திட்டுவார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"முன்னாடி பிரேக் எப்படி இருக்கு, தம்பி?" என்றாள் அம்மா.

"பேடு தேஞ்சிருக்குக்கா. இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம்."

"மாத்தினா?"

"மாத்தினா ரெண்டு வருஷத்துக்குக் கவலையே இல்ல."

"அப்ப அதை மாத்துங்க. அந்தக் கண்ணாடியையும் ஏத்தி விட்டுடுங்க. மிச்சம் இருக்கறதுல ரேடியோ. பின்னாடி ஒண்ணும் வேணாம்."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? படுத்துட்டு வர்றது நீ. குலுங்குறது உனக்கு."

"அப்ப நான்தானே சொல்லணும்."

"சரி, பிரேக்குன்னாலும் ஒரு நியாயம் இருக்கு. ரேடியோ எதுக்கு? நீ வாயை மூடினாத்தானே அது பாடுறது காதுல விழும்?"

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

அப்பா கடை கடையாகப் போய்ப் பல்பும் சுவிட்சும் சப்ளை செய்கிறவர். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து அவரோடு ஊரெல்லாம் சுற்றுவாள். போகும்போது ஆரம்பித்த பேச்சு திரும்பி வரும்போதும் முடிந்திருக்காது. ரேடியோ கெட்டுப்போனதே ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சிரித்து முடித்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, அவள் காலடியில் நழுவிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டேன்.

அம்மாவோடு பேசி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது.

வேலை முடியும்வரை கடையில் கிடந்த பெஞ்சில், என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். பழைய பேடை மெக்கானிக் கொண்டுவந்து காட்டினார். அம்மா அதை வாங்கி, தேய்ந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். வண்டியிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. பிறகு யாரோ ஒருத்தி நாளைக்கு மழை வரலாம் என்று சொல்வது தெளிவாகக் கேட்டது.

"நீங்க உள்ள உக்காந்து கண்ணாடியை ஏத்துங்க. பாக்கலாம்," என்றாள் அம்மா.

அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். கண்ணாடி மெல்ல மேலே போய் இடைவெளி இல்லாமல் மூடிக்கொண்டது. உள்ளே அவர் இன்னும் ஏதோ திட்டிக்கொண்டிருந்தார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வரும்போது முதல் பள்ளத்திலேயே டக் டக் என்றது.

அப்பா ரேடியோவை அணைத்தார்.

"கேட்டுச்சா? அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போறப்போ வலிக்குதுன்னு என்னைச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்," என்றாள் அம்மா.

அவள் என் கையைப் பிடித்திருந்தாள். விடவில்லை.

போன வாரம் டாக்டர், இனிமேல் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது அறையில் நானும் அம்மாவும் மட்டும்தான் இருந்தோம்.

அப்பா வெளியே, வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்.