ஆணியில் தொங்கிய ரொட்டி

சுவரில் தொங்கிய ரொட்டியைக் கழற்ற மரப்பெட்டி மேல் ஏறினாள் ஓய்னிசா. பசியில்லை, வயிற்றெரிச்சல்!

உஸ்பெக் நாட்டுப் பர்கானாப் பக்கம் மகன் போருக்குக் கிளம்பும்போது ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தை அவன் வந்து தின்னும்வரை அம்மா ஆணியில் மாட்டி வைப்பாள். வராமலே போனால் அது பறவைகளுக்கு.

இந்த வீட்டு மூத்த மகன் ஹோல்மத் ஜெர்மன்காரனோடு சண்டைக்குப் போயிருக்கிறான். அவன் மனைவி துர்சுனாய் தினமும் இந்த ரொட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தேநீரே குடிப்பாள்.

ஓய்னிசாவின் கணவன் சோபிர் இளையவன். கழுதை உதைத்து முன்பல் போனபோதுகூட அதைத் திருப்பி அடிக்காதவன். "மனுஷனைச் சுடுற துப்பாக்கியத் தொடமாட்டேன்" என்று பட்டாளத்தாரிடமே சொல்லிவிட்டான். அவள் பருத்திக்காட்டிலிருந்து ஓடி வருவதற்குள் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவளுக்கு மிஞ்சியது 'கோழை பொண்டாட்டி' என்ற பட்டம்தான்.

மாமியாரோ ஓரவஞ்சனைக்காரி. ஒரு மாதமாக, வீட்டில் இருக்கிற வெண்ணெயெல்லாம் துர்சுனாய்க்குத்தான். கேட்டால், நிறைமாசமாம்!

ரொட்டி கைக்கு வந்தது. கடித்த இடத்தின் நடுவில் ஒரு துணுக்கு கடிபடாமல் நீட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் எறியக் கையை ஓங்கினாள்.

"அடியே! வைடீ கீழ!" மாமியார் ஓடி வந்தாள்.

"பதறுதோ? எம்புருஷன் மட்டும் தவிட்டுக்கு வாங்குன பிள்ளையா அத்தே?"

"மெதுவாப் பேசு. துர்சுனாய் காதுல விழும்."

"விழட்டுமே! அவ கொடுத்து வச்சவ. புருஷன் வருவான், ரொட்டி காத்திருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

மாமியார் ரொட்டியைப் பிடுங்கினாள். நீட்டிக்கொண்டிருந்த துணுக்கை விரலால் தடவினாள்.

"இங்க பல்லு படல, பாத்தியா? அவனை ஏத்திட்டுப் போறப்ப வண்டி பின்னாடியே ஓடிக் கடிக்க வச்சேன். ஊர் வாய்க்குப் பயந்து பெட்டியில ஒளிச்சு வச்சிருந்தேன். இது சோபிர் ரொட்டிடீ."

ஓய்னிசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த அறையில் துர்சுனாய் குழந்தைக்குச் சட்டை தைத்தபடி பாடிக்கொண்டிருந்தாள்.

"அப்போ... மூத்தவர் ரொட்டி எங்க அத்தே?"

மாமியார் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"போன மாசமே குருவிக்குப் போட்டுட்டேன்."