சஃப்ரீன் என்ன பார்க்கிறாள்?

"பேசாம இவள ஊருக்கு அனுப்பிர வேண்டியதுதான். மேலப்பாளையத்துல அக்கா வீட்டுக்குப் பக்கத்துலயே ஹாஸ்டல் இருக்கு. அங்க பிள்ளைங்க கையில செல்போனே கெடையாதாம்."

முகம்மது ஹனீப் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அவர் மனைவி அக்தர் பானுவால்தான் அதை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. எட்டு வயதுப் பிள்ளை, ஒரே பிள்ளை, தாராவியை விட்டால் வேறு ஊர் தெரியாத பிள்ளை. அதைப் போய் ஒரு போனுக்காக நாடு கடத்துவார்களா?

போன் என்னவோ ஹனீப்பின் பழைய போன்தான். புதுசு வாங்கியதும் அதை வீட்டில் போட்டிருந்தார். ஸ்கூல் விட்டு வந்த கையோடு சஃப்ரீன் அதைத் தூக்கிக்கொண்டு மேல்தட்டுக்கு ஏறிவிடுவாள். இரும்பு ஏணியில் பானுவின் காலடி கேட்டதோ இல்லையோ, போன் தலையணைக்கு அடியில் போய்விடும். என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஒன்றுமில்லாததைப் பார்த்தா ஒரு பிள்ளை இப்படித் தனியாகச் சிரிக்கும்?

ஹனீப் சும்மா விடவில்லை. மொபைல் கடை ஷாகிரிடம் போனைக் கொடுத்து, வீடியோ, கேம் எல்லாவற்றையும் பூட்டச் சொன்னார். தன் கார்கானா சமாச்சாரத்தை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார். லெதர் பை தைக்கும் அந்தப் பட்டறை அவருடைய உயிர். மிஷின்கள், புது ஃபேன், மூலையில் கேமரா, வாசலில் போர்டு என்று ஒவ்வொன்றும் பார்த்துப் பார்த்துச் செய்தது. போனில் அதைச் சேர்ந்த எதையும் வீட்டில் யாரும் தொடக் கூடாது என்பது சட்டம். ஒரு தடவை ஆர்டர் மெசேஜ் ஒன்று அழிந்துபோய் அவர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

பூட்டியும் பயனில்லை. தினமும் ராத்திரிக்குள் நெட் தீர்ந்துகொண்டே இருந்தது. இந்த வயதிலேயே பூட்டை உடைக்கக் கற்றுக்கொண்டாளே என்று ஹனீப்புக்கு ஆத்திரம். ரயில் டிக்கெட் போடச் சொல்லிவிட்டார்.

அதற்குள் ஸ்கூலில் பெற்றோர் கூட்டம் வந்தது. வழக்கம்போல் பானு மட்டும் போனாள். ஷாலினி டீச்சரிடம் அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினாள். டீச்சர் குற்றம் சொல்லவில்லை. பிடுங்குவதும் பூட்டுவதும் அப்புறம் இருக்கட்டும், முதலில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்ப்பதை நீங்களும் பாருங்கள் என்றார். அவள் அப்பாவும் உட்கார்ந்தால் ரொம்ப நல்லது என்றார்.

மறுநாள் காலையில் இதைக் கேட்டு ஹனீப் சிரித்தார். அவர் எழும்பும்போது மகள் ஸ்கூலில் இருப்பாள். அவர் வீடு திரும்பும்போது தூங்கிப்போயிருப்பாள். சாயங்காலம் அவர் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் தந்தாவை, கார்கானா தொழிலை, யார் பார்ப்பது என்று கேட்டார்.

பானு அதுவரை அவரை எதிர்த்துப் பேசியதே இல்லை. "ஒரே ஒரு நாள் வாங்க. அவகூட உக்காந்து பாருங்க. அப்பவும் சரிப்படலன்னா நானே கொண்டுபோய் ஹாஸ்டல்ல விட்டுட்டு வாரேன்," என்றாள்.

இது ஹனீப்புக்குப் பிடித்திருந்தது. சரி என்று கிளம்பினார். வாசலில் வைத்து பானு ஒரு தைலப் புட்டியை நீட்டினாள்.

"வாப்பாவுக்கு முதுகு வலி, இதக் குடுங்கன்னு சஃப்ரீன் நேத்தே சொன்னா. நாந்தான் மறந்துட்டேன்."

வலி நிஜம்தான், வீட்டில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஹனீப் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சாயங்காலம் அவர் ஏணியில் ஏறிப் பார்த்தபோது சஃப்ரீன் கையில் போனோடு, அழப்போகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் போனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்ட பயம் என்று ஹனீப் நினைத்தார்.

"வாப்பா அடிக்க மாட்டேன். நீ பாக்குறத நானும் பாக்கணும், அவ்வளவுதான். எடு."

அவள் போன் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இன்னைக்கு வேண்டாம் வாப்பா."

ஹனீப்பே எட்டி அதை எடுத்தார். திரையில், மூலைக் கேமரா காட்டுகிறபடி, அவருடைய கார்கானா அந்த நேரத்தில் இருந்தபடியே தெரிந்தது. ஆட்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் உட்காரும் ஸ்டூல் மட்டும் காலியாக இருந்தது.

"அதுல இப்ப ஒண்ணுமில்ல," என்றாள் சஃப்ரீன், அவர் மடியில் ஏறி உட்கார்ந்தபடி. "நீங்கதான் இங்க வந்துட்டீங்களே."