சிரை

நரம்பில் ஊசி போட்டார்கள் என்று யாராவது எழுதிவிட்டால், விலங்கியல் எடுக்கும் ஜெசிந்தா டீச்சர் விடைத்தாளைத் தூக்கி எறிவார். நரம்பில் ரத்தம் ஓடுமா? அது சிரை அல்லவா? இன்று டீச்சருடைய கணவரின் வற்றிய கையைத் தட்டித் தட்டிப் பார்க்கும் நர்ஸ் முத்தரசி, அந்த டீச்சரிடம் படித்தவள். பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. மருந்து ஏற வழியில்லை.

"சிரை கிடைக்க மாட்டேங்குது டீச்சர்."

அந்த அவசரத்திலும் சொல்லில் பிழையில்லை.

டீச்சர் கணவரின் புறங்கையைத் தேய்த்துச் சூடாக்கினார். நீலமாக ஒன்று மெல்ல எழும்பியது.

"இந்தா, இந்த நரம்புல குத்தும்மா. சீக்கிரம்."

முத்தரசி ஒரு கணம் டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குத்தினாள். ஊசியின் அடியில் சிவப்பு தெரிகிறதா என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள்.