பதினோரு மணி ஆள்

“பம்புக்கு ஓடுன்னுதானுங்க தம்பி அவன் சொன்னான். நான் என்னத்தைக் கண்டேன்?” என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் கனகம்.

“உங்க மேல தப்பில்லீங்க அக்கா” என்று மூன்றாவது முறையாகச் சொன்னான் மேஜர் கிருபாசங்கர்.

சரவணம்பட்டி தாண்டி ஒரு சந்துக்குள் இருந்தது கனகத்தின் இரும்பு வார்க்கிற பவுண்டரி. புருஷன் போனபின் ஒன்பது வருஷமாக ஒண்டியாகவே நடத்துகிறாள். போன மாதம் ஒருத்தன் வந்து மாதிரி ஒன்றைக் காட்டி, எண்பது இரும்பு ஓடு வார்த்துத் தரச் சொன்னான். கோயமுத்தூரில் மாதிரியைக் கொடுத்தால் சாமானைச் செய்து கொடுப்பார்கள். எதற்கென்று கேட்பது மரியாதை இல்லை. அது பம்புக்கு இல்லை, வெடிகுண்டுக்கு என்று நேற்று மேஜர் வந்து சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

நாற்பது ஓடுகளை அவன் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டான். மிச்சத்தை எடுக்க இன்று பதினோரு மணிக்கு வருகிறான். அவனை உயிரோடு பிடித்தாக வேண்டும். முதல் நாற்பதும் எங்கே இருக்கிறது என்று அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். குறி, வருகிற அன்னூர்ச் சந்தை. அங்கேதான் வாராவாரம் கிருபாசங்கரின் அம்மா தக்காளிக் கூடையோடு உட்காருகிறாள்.

“ஒத்தை ஆளா அவனை எப்படிங்க பிடிப்பீங்க?”

“அதையெல்லாம் நான் பாத்துக்கறேனுங்க.”

மேஜர் ஒற்றை ஆள் இல்லை. கொட்டகைக்குள் நான்கு மூலையிலும் நான்கு கமாண்டோக்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். மேலே விழுகிற வெளிச்சத்தை அப்படியே பின்னால் கடத்திவிடும் உடுப்பைப் போட்டிருந்ததால் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஒருத்தரை ஒருத்தர்கூடப் பார்க்க முடியாது. பத்து வருஷ ஆராய்ச்சி. உலகத்தில் நம்மைத் தவிர வேறு எவனிடமும் இது கிடையாது என்று மேலதிகாரி மேசையைத் தட்டிச் சொல்லியிருந்தார். மேசையைத் தட்டிச் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று மேஜரும் நம்பியிருந்தான்.

காதுக்குள் வைத்திருந்த கருவி கரகரத்தது.

“சார், உமர் பாரூக் பேசறேன். உலைச் சூடு இன்னும் ஆறலை. உடுப்புக்குள்ள இட்லி மாதிரி வேகறோம்.”

“பட்டாளத்துல சேரறப்ப ஏசி இருக்கும்னு எவனாவது சொன்னானா? பேசாம நில்லுய்யா.”

ஆபீஸ் அறைக்குள் போய்விட்ட கனகம் கண்ணாடி வழியாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாகப் பேசுகிற பைத்தியம் என்று நினைத்துவிடப் போகிறாளே என்று, மேஜர் கையிலிருந்த வாக்கிடாக்கியை வாய்க்கு நேரே தூக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி திட்டத்தை இன்னொரு முறை சொன்னான்.

“சத்தி ரோட்டுல ரெண்டு வண்டி நிக்குது. முன்பக்கம் முழுக்க நம்ம ஆளுங்க. பின் சந்துல மட்டும் யாரும் வேண்டாம். அங்க ஆளைப் போட்டா அவனுக்குச் சந்தேகம் வந்துரும். உள்ள வந்து ஓட்டைத் தொட்டதும் அமுக்கணும். புரிஞ்சுதா?”

நான்கு குரல்களும் புரிந்தது என்றன.

மணி பதினொன்று ஆயிற்று. பதினொன்றேகால் ஆயிற்று. கிருபாசங்கர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தான். ஒரு நாய் வந்தது. எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பதினொன்றரைக்கும் ஆளைக் காணோம். கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா என்று இருந்தது அவனுக்கு. அம்மாவிடம் வருகிற சந்தைக்குப் போகாதே என்று சொன்னால் கேட்கிற ஜாதியும் இல்லை.

கனகம் உள்ளே போய் ஒரு தட்டோடு வந்தாள். தட்டில் ஆறு டம்ளர் காப்பி.

“அவன் வாரப்ப வரட்டுமுங்க. எல்லாரும் சூடா ஒரு வாய் குடிங்க.”

“எல்லாருமா? யாருங்க அக்கா எல்லாரும்?”

“என்னங்க தம்பி, என்கிட்டப் போய் ஒளிச்சு வெக்கறீங்க! நேத்துப் பொழுதோட நானே சலிச்சுத் தண்ணி தெளிச்சுப் பரப்புன அச்சு மண்ணுங்க இது. பூட்ஸு காலு பதிஞ்சு பதிஞ்சு கெடக்குது. ஆளு தெரியலீன்னா தடமும் தெரியாமப் போயிருமுங்களா?”

மேஜர் குனிந்து பார்த்தான். கொட்டகை பூராவும் தடம்தான். பத்து வருஷ ஆராய்ச்சியில் மண்ணைப் பற்றி ஒருத்தனும் யோசிக்கவில்லை. காதுக்குள் எவனோ சிரித்தான். மானம் போய்விட்டது, காப்பியாவது மிஞ்சட்டும் என்று நினைத்தான்.

“குடிங்கய்யா” என்றான்.

நான்கு டம்ளர்கள் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக அந்தரத்தில் எழும்பின. கனகம் ஆச்சரியப்படவில்லை. “பாத்துங்க, சூடு” என்று மட்டும் சொன்னாள்.

கிருபாசங்கரும் ஒன்றை எடுத்துக்கொண்டான். “மிச்சம் உங்களுதுங்களா? நீங்களும் குடிங்க அக்கா.”

“நானெங்கீங்க குடிக்கறது, எனக்குச் சக்கரை. இது, உங்களுக்கெல்லாம் முந்தியே அனுப்பி வெச்சிருந்தீங்களே, வெறுங்காலோட ஒருத்தரு, ஆளு தெரியாம தடம் மட்டும், அவருக்குங்க. இத்தனை நேரமும் உங்க முதுகுக்குப் பொறத்தாலயேதான் நின்னுட்டிருந்தாரு. நீங்க பேசி முடிச்சதும் பின் சந்துப் பக்கமாப் போனாருங்க, இன்னும் காணமே” என்றாள் கனகம். “காப்பி ஆறிப் போகுதுங்க தம்பி, கூப்புடுங்க.”